பார்க்கத்தான் போனேன்

நான் ஊழியத்துக்குப் போகவில்லை. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் இன்றைக்கும் என் பேச்சு வந்தால், "மோட்டார் சைக்கிள்ல ஊழியத்துக்குப் போன எடத்துல பிசாசு புடிச்சுத் திரும்பி வந்தாருல்லா, அந்த வாத்தியாரு" என்றுதான் சொல்கிறார்களாம். பிசாசு பிடித்ததென்று சொல்வதில்கூட எனக்கு வருத்தமில்லை. ஊழியத்துக்குப் போனேன் என்கிறார்கள் பாருங்கள், அதைக் கேட்டால் இந்த வயதிலும் எனக்குக் காது சுடுகிறது. நான் வேலையை விட்டுவிட்டு, ஒரு வண்டியில் ஏறி, தனியாக ஊர் பார்க்கப் போனேன். அவ்வளவுதான் விஷயம். அந்த அவ்வளவை மட்டும் யாராலும் நம்ப முடியவில்லை.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்கள். ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் வேறு ராஜ்யம். நாகர்கோவிலிலிருந்து இராஜாக்கமங்கலம் போகிற சாலையில் உள்ள ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் பூகோள வாத்தியார். பதினோரு வருஷ உத்தியோகம். வகுப்புச் சுவரில் ஒரு இந்தியப் படம் தொங்கும். கோதாவரி கடலில் சேருகிற இடத்தைப் பிரம்பு நுனியால் தொட்டுத் தொட்டு அந்த இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. பின்பக்கம் கஞ்சிப்பசை தடவிக் காகிதம் ஒட்டினேன். இரண்டு வருஷத்தில் அதுவும் ஓட்டையாயிற்று. மறுபடியும் பசை தடவிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்தான் எனக்கு உறைத்தது. திருநெல்வேலிக்கு வடக்கே ஒரு ஊரைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. கோதாவரி எப்படிப் பிறந்தது, எவ்வளவு அகலம், வெள்ளம் வந்தால் என்ன செய்யும் என்று பதினோரு வருஷமாக வாய் கூசாமல் சொல்லிவருகிறேன். முதல் கோபம் என்மேலேயே வந்த கோபம். மற்றவர்கள்மேல் வந்ததெல்லாம் அதற்குப் பிறகு.

கோட்டாற்றில் ஒரு பட்டறையில், யுத்தம் முடிந்தபின் பட்டாளத்தார் ஏலத்தில் கழித்த மோட்டார் சைக்கிள் ஒன்று கிடந்தது. பச்சைச் சாயம் உரிந்து, இருக்கை கிழிந்து, பார்க்கச் சகிக்காது. ஆனால் உதைத்தால் நாலாவது உதையில் கிளம்பிவிடும். அதே பட்டறையில் பட்டாளத்துக் கூடாரம் ஒன்றும் இருந்தது. ஒருவர் படுக்க, பக்கத்தில் ஒரு மூட்டை வைக்க இடமிருக்கும். கையிலிருந்ததைக் கொடுத்து இரண்டையும் வாங்கினேன். பிறகு லீவு கேட்கப் போனேன்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மானேஜர் சபையின் போதகர்தான். லீவு தருவதும் அவர், ஞானஸ்நானம் தருவதும் அவர்.

"நாலு மாசமா? எதுக்கு ஓய்?" என்றார்.

"கோதாவரி வரைக்கும் போய்ப் பாத்திட்டு வரணும் ஐயா. சம்பளம் வேண்டாம்."

"அங்க யாரு இருக்கா?"

"யாருமில்ல."

"பின்ன என்னத்துக்கு?"

"பாக்கதுக்கு."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "பாக்கதுக்கு எவனாவது லீவு குடுப்பானா ஓய்? தீனம், காச்சல்னா சொல்லும், தாறேன். கல்யாணம்னா சொல்லும், தாறேன். பாக்கணுமாம்!"

எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாருக்கு ஒரே மாமா மூன்று தடவை செத்தார். மூன்று தடவையும் லீவு கிடைத்தது. உண்மையைச் சொல்லிக் கேட்ட எனக்கு இல்லை. அதை வாய்விட்டே சொன்னேன். போதகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ஒரு காரியம் செய்யும். ஊழியத்துக்குப் போறேன்னு ஒரே ஒரு வரி எழுதித் தாரும். நாலு மாசமில்ல, ஆறு மாசம் தாறேன். வேலையும் போவாது, சபையிலயும் ஒரு மதிப்பாயிருக்கும்."

"நான் ஊழியத்துக்குப் போகல்லியே ஐயா."

"போற வழியில நாலு பேருட்ட ரெண்டு நல்ல வார்த்தை பேசமாட்டீரா? அதுதான் ஓய் ஊழியம்."

அவர் கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன். அவர் எனக்கு நல்லது செய்வதாகவே நினைத்தார். அதுதான் தாங்கவில்லை. அவர் மேசையிலிருந்த காகிதத்தையே எடுத்து, அவர் பேனாவாலேயே, 'ஊர் பார்க்கப் போவதால் வேலையை விடுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் முன்னால் வைத்தேன்.  

வீட்டில் அம்மா மட்டும்தான். அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். மிஷன் வீட்டுக்கு ரேந்தை பின்னிக்கொடுத்து அம்மா என்னைப் படிக்கவைத்தாள். வெள்ளைக்காரர் வீட்டு மேசைவிரிப்புகளின் ஓரத்துக்குப் போகிற அந்த லேஸ் பின்னல் வேலைக்குக் கண்ணும் முதுகும் இரண்டுமே போகும். மடியிலிருந்த தலையணையில் நூல்கட்டைகள் தட்டித் தட்டி ஓடுகிற சத்தத்தில்தான் நான் வளர்ந்தேன். அன்று சாயங்காலம், "வேலைய விட்டுட்டேன்" என்றேன். கட்டைகள் நின்றன.

"என்னத்துக்கு மக்கா?"

"கொஞ்சம் வடக்க போணும்."

அவ்வளவுதான் சொன்னேன். அந்த இடத்தில் நான் உட்கார்ந்து, படத்தில் ஓட்டை விழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பொறுமையில்லை. போதகரிடம் காட்டியதன் மிச்சம் முகத்தில் இருந்தது. அம்மா கட்டைகளை மறுபடி ஓட்டத் தொடங்கினாள்.

நான் சொல்லாமல் விட்டதை ஞாயிற்றுக்கிழமை போதகர் சொன்னார். பிரசங்கம் முடிந்ததும் பீடத்திலிருந்து இறங்காமல் நின்று, "நம்முடைய சகோதரர் ஒருவர் ஆண்டவருடைய அழைப்பைப் பெற்று, உத்தியோகத்தைத் துறந்து, ஒரு கூடாரத்தோடு வடதேசம், கோதாவரி நதிக்கரைக்குப் புறப்படுகிறார்" என்றார். கோவில் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. எங்கள் ஆட்களுக்கு இதில் சந்தேகமே வராது. சம்பள வேலையை ஒருவன் தானாக விட்டால், ஒன்று அவனுக்குப் புத்தி பிசகியிருக்க வேண்டும், அல்லது அழைப்பு வந்திருக்க வேண்டும். நான் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தேன். அதோடு கூடாரமும் இருந்தது. மிஷன் துரைமார் கூடாரமடித்துப் பிரசங்கம் செய்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். கூடாரம் என்றால் ஊழியம்தான்.

எங்கள் கோவிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் தரையில் பாய் போட்டு உட்காருவார்கள். பெண்கள் பக்கத்து முதல் பாய் போதகர் மனைவிக்கும், டாக்டர் வீட்டுக்கும், நிலபுலன் உள்ளவர்கள் வீட்டுக்கும். எங்கும் எழுதிவைத்ததில்லை, ஆனால் தப்பி யாரும் உட்கார்ந்ததில்லை. அம்மா முப்பது வருஷமாக வாசலுக்குப் பக்கத்தில், செருப்புகள் கிடக்கிற இடத்தை ஒட்டி உட்காருகிறவள். போதகர் மனைவி எழுந்து கடைசிவரை நடந்துபோய், அம்மாவின் கையைப் பிடித்து, முதல் பாய்க்குக் கூட்டிவந்து உட்காரவைத்தார். அம்மா ஆண்கள் பக்கம் திரும்பி என்னைத் தேடினாள். அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் அதற்குமுன் கண்டதில்லை.

எழுந்து நின்று 'இது பொய்' என்று சொல்லியிருக்கலாம். ஊரில் முன்கோபக்காரன் என்று பெயரெடுத்தவன், அன்றைக்கு வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னை முழங்காலிடச் சொன்னார்கள், இட்டேன். தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். கடைசியில் ஒரு மூட்டை துண்டுப் பிரசுரங்களைக் கையில் தந்தார்கள். அத்தனையும் தமிழ். கோதாவரிக் கரையில் இருப்பவர்கள் தெலுங்குக்காரர்கள், அவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்று அந்தக் கோவிலில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதில் பாதிப் பேர் என்னிடம் பூகோளம் படித்தவர்கள்.

மறுநாள் விடியற்காலையில் அம்மா மூட்டை கட்டினாள். புழுங்கலரிசி, புளி, கருவாடு, இடித்த மிளகாய்ப்பொடி எல்லாவற்றையும் பழைய வேட்டித் துணியில் முடிந்தாள். பிரசுரங்களை மட்டும், தன் ரேந்தைகளை ஈரம்படாமல் வைத்திருக்கிற மெழுகுசீலையை உருவி, அதில் நாலு சுற்றுச் சுற்றிக் கயிறு போட்டாள்.

"அது ஒனக்கு வேணுமே" என்றேன்.

"எனக்க ரேந்தை கெடக்கட்டும். ஆண்டவருக்க வசனம் நனையப்பிடாது."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வண்டியை உதைத்தேன். அந்தச் சனியன் அன்றைக்குப் பார்த்து முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது.

ஆரல்வாய்மொழிச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். அரிசிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். எல்லை தாண்டி அரிசி கொண்டுபோகக் கூடாது. காவலர் மூட்டைக்குள் கையை விட்டார். மேலே இருந்த மெழுகுசீலையைப் பிரித்து, ஒரு தாளை எடுத்துப் பார்த்து, "ஓ, உபதேசியாரா? போவும், போவும்" என்று கும்பிட்டு வழிவிட்டார். கீழே மூன்று படி அரிசி இருந்தது. நான் எழுத மறுத்த பொய் எனக்கு முன்னாலேயே ஓடி ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டிருந்தது. முப்பந்தல் காற்றில் வண்டி ஆடிற்று. நான் தனியாக, வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போனேன்.

சாவடியைத் தாண்டியதோடு விட்டதா? கோவில்பட்டியில் டீக்கடைக்காரர், எந்தக் கம்பெனி ஏஜெண்டு என்றார். மதுரையில், யாருக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். திருச்சியில் காவேரி மணலில் கூடாரமடித்தபோது, சர்வே ஆபீஸிலிருந்து நிலம் அளக்க வந்திருக்கிறேன் என்று ஒரு கூட்டமே கூடிவிட்டது. பார்க்க வந்தேன் என்றால், எதைப் பார்க்க என்கிறார்கள். ஆற்றை என்றால், ஆற்றில் என்ன என்கிறார்கள். கோவிலுக்கு நேர்ச்சை என்றாலாவது விட்டிருப்பார்கள். இந்த நாட்டில் ஒருவன் திருடப் போகலாம், செத்த வீட்டுக்குப் போகலாம், கடவுளைத் தேடிப் போகலாம். சும்மா மட்டும் போகக் கூடாது. நான் சண்டை போட்டேன். மதுரையில் ஒருவரோடு கைகலப்பு ஆகாத குறைதான்.

ஆனால் காலையில் கூடாரத்துணியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், முந்தினநாள் இல்லாத ஒரு மலை எதிரே நிற்கும். அதை நான் வகுப்பில் நூறு தடவை சொல்லியிருப்பேன். மூன்று கல் வைத்துக் கஞ்சி பொங்கியபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் மட்டும் எனக்கு யார்மேலும் கோபம் இருக்காது. டியூபில் ஓட்டை விழுந்து, சங்கிலி அறுந்து, ஒரு பாரவண்டியின் பின்னால் கயிறு கட்டி இழுபட்டு, இரண்டு மாதத்தில் கிருஷ்ணையைத் தாண்டினேன்.

அங்கே மழை பிடித்துக்கொண்டது. ஒரு மாந்தோப்பில் கூடாரத்துக்குள் மூன்று நாள் கிடந்தேன். துணி ஒழுகியது. அரிசி ஊறிப் புளித்த வாடை அடித்தது. எனக்குக் காய்ச்சல். சாலை சேறாகிக் கிடந்தது. டாங்கில் அடிமட்டத்தில் கிடந்த பெட்ரோல் அடுத்த ஊர்வரை காணுமா என்பதே சந்தேகம், அதில் அடுப்புப் பற்றவைக்க ஒரு சொட்டுகூட எடுக்க முடியாது. ஒன்றரை நாளாக வயிற்றில் ஒன்றுமில்லை. தகரடப்பாவில் நனையாமலிருந்த தீக்குச்சியால் சுள்ளியைப் பற்றவைக்கப் பார்த்தால் புகை மட்டும் வந்தது. கைக்கு எட்டிய மற்ற எல்லாமே நனைந்திருந்தது, ஒன்றைத் தவிர.

மெழுகுசீலையைப் பிரித்தேன். பிரசுரங்கள் அப்பளம்போல மொரமொரவென்றிருந்தன. நான் பக்தியில்லாதவன் இல்லை. முதல் தாளை முழுக்க ஒரு தடவை வாசித்தேன். பிறகு கசக்கிச் சுள்ளிக்கு அடியில் வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தேன். நாற்பது ஐம்பது தாள் போன பிறகு விறகு பிடித்தது. புளித்த அரிசியில் வைத்த அந்தக் கஞ்சிபோல் ஒரு கஞ்சி அதற்கப்புறம் நான் குடித்ததில்லை. தாள்களை எரித்ததற்கு எனக்கு வெட்கமாக இல்லை. அந்த மெழுகுசீலையை மறுபடி மடித்தபோதுதான் கை ஓடவில்லை. அதில் அம்மாவின் ரேந்தைப் பெட்டி வாசனை இருந்தது.

பத்து நாள் கழித்துக் கோதாவரியைப் பார்த்தேன். ராஜமகேந்திரிக்குப் பக்கத்தில், சிவந்து, புரண்டு, அக்கரை ஒரு கோடாக மட்டும் தெரிய, போய்க்கொண்டே இருந்தது. நான் பதினோரு வருஷம் சொன்னதெல்லாம் தப்பு. 'அடப்பாவி, உன்னையா ஒரு பிரம்பு நுனியில் வைத்திருந்தேன்' என்று சத்தமாகச் சொன்னேன். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்கள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது. பன்னிரண்டு நாள் அங்கேயே கூடாரமடித்துக் கிடந்துவிட்டுத் திரும்பினேன்.

ஊருக்குள் நுழைந்தபோது ஒரு சனிக்கிழமை. மறுநாள் ஸ்தோத்திரப் பண்டிகை, விளைந்ததைக் கொண்டுவந்து காணிக்கை வைக்கிற நாள். வண்டிச் சத்தம் கேட்டதுமே போதகர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். நான் எழுதிய ராஜினாமா. "இத நான் யாருக்கும் அனுப்பல்ல ஓய். ஊழிய லீவுன்னு ரிஜிஸ்டர்ல எழுதியாச்சு. நாளைக்குச் சாட்சி சொல்லும். திங்கக்கிழம வந்து வகுப்பெடும்."

ஊழியத்துக்குப் போய் வந்தவர்கள் சபைமுன் நின்று, ஆண்டவர் தங்களைக்கொண்டு என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும். அதுதான் சாட்சி. அம்மா அவர் பின்னால் நின்றிருந்தாள். புதுச்சேலை ஒன்றை மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

நான் அன்றைக்கும் அவளிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பீடத்துக்குக் கீழே போய் நின்றேன். அம்மா முதல் பாயில், புதுச்சேலையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு நல்ல வார்த்தை சொல்லியிருந்தால் வேலை என்னுடையது, பாய் அவளுடையது. யாருக்கும் ஒரு நஷ்டமுமில்லை. ஆனால் வாயைத் திறந்ததும் ஆரல்வாய்மொழிக் காவலரின் கும்பிடுதான் கண்ணுக்கு வந்தது.

"நான் ஊழியத்துக்குப் போகல்ல" என்றேன். "பாக்கத்தான் போனேன். அத ஐயாட்ட எழுதியே குடுத்தேன், காயிதம் இப்பவும் அவரு கையில இருக்கு. ஒருத்தருட்டயும் நான் பிரசங்கம் பண்ணல்ல. நீங்க தந்ததுல கொஞ்சத்த மழையில அடுப்பு பத்தவச்சேன். மிச்சம் இந்தா இருக்கு." மெழுகுசீலை மூட்டையைக் காணிக்கை மேசைமேல் வைத்தேன். பக்கத்தில் வாழைக்குலையும் தேங்காயும் குவிந்திருந்தன. யாரோ ஒரு பெண் 'ஐயோ' என்றது கேட்டது. போதகர் ஆர்மோனியக்காரரைப் பார்த்துத் தலையை அசைத்தார், பாட்டுத் தொடங்கிவிட்டது.

எல்லோரும் போகும்வரை அம்மா எழுந்திருக்கவில்லை. பிறகு காணிக்கை மேசைக்குப் போனாள். கயிற்றை அவிழ்த்து, பிரசுரங்களை மேசைமேலேயே அடுக்கிவைத்துவிட்டு, மெழுகுசீலையை மட்டும் உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வீடுவரை திரும்பிப் பார்க்கவில்லை.

அடுப்பைப் பற்றவைத்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்: "எத்தன நாளு பட்டினி?"

"ஒண்ணர நாளு."

"காச்சலும் உண்டா?"

"ம்."

"ஒரு குப்பி மண்ணெண்ணெ கொண்டுபோணும்னு தோணல்ல. வாத்தியாராம், வாத்தியாரு." ஊதுகுழலைக் கீழே போட்டாள். திரும்பிய முகத்தில் நான் எதிர்பார்த்த அழுகை இல்லை. என் கோபமே அங்கே இருந்தது. "நாலு மாசம் நித்தமும் முட்டுகுத்தி நின்னேன். எம் மவன் வாயில வசனம் குடும், ஆத்துமாக்களக் குடும்னு. நீ பட்டினி கெடக்க, காச்சல்ல கெடக்கன்னு தெரிஞ்சா அதுக்குல்லா ஜெபிச்சிருப்பேன்? அவியளுட்ட சண்ட போட்டது சரி. எனக்கிட்ட சொல்லதுக்கு ஒனக்கு என்னலே?"

 அத்தனை பேரிடமும் உண்மைக்காகச் சண்டை போட்டவன், அதை ஒரு ஆளிடம் மட்டும் சொல்லவில்லை. இந்த வயதில் அதை எழுதும்போதும் கோபம் வருகிறது. அதில் பெரும்பங்கு எனக்கே.

கஞ்சியை ஊற்றிவைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, "அந்த ஆத்துக்கு அக்கரை தெரியுமா?" என்று கேட்டாள். ஒரு கோடாகத் தெரியும் என்றேன். அதற்கப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன், படத்தில் ஓட்டை விழுந்ததிலிருந்து. அவள் ரேந்தைத் தலையணையை எடுக்கவே இல்லை.

வேலை போய்விட்டது; அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அதே புதுச்சேலையைக் கட்டிக்கொண்டு கோவிலுக்குப் புறப்பட்டாள். நான் பயந்துகொண்டே பின்னால் போனேன். வாசலண்டை அவளுடைய பழைய இடம் காலியாக இருந்தது. அவள் அங்கே திரும்பி உட்காருவாள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் செருப்புகளைத் தாண்டி, நேரே நடந்து, முதல் பாயில் போய் உட்கார்ந்தாள். போதகர் மனைவி குனிந்து ஏதோ மெல்லச் சொன்னார். அம்மாவின் பதில் ஆண்கள் பக்கம்வரை கேட்டது.

"நானா வந்து இருக்கல்ல. நீங்க கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தீய. இனி எழும்ப முடியாது, எனக்கு முட்டு வலி."

சாகிறவரைக்கும் அவள் அங்கேதான் உட்கார்ந்தாள். நான் ஆண்கள் பக்கத்தில் வாசலண்டை, செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்காருவேன்.